இருசப்பனின் குரலைத் தொலைத்தது யார்?

இந்தப் புதிரைப் பலரிடம் போட்டிருக்கிறேன். யாரும் சிரித்த முகத்தோடு எழுந்து போனதில்லை. நீங்களும் கேளுங்கள்.

ஈரோட்டுப் பக்கம் ஒரு புற்றுநோய் மருத்துவமனை. குரல்வளையை எடுக்குமுன் நோயாளியின் குரலைப் பதிவு செய்துவைப்பார்கள். பிறகு அவர் தட்டச்சு செய்தால் கணினி அவர் குரலிலேயே பேசும். பதிவுக் கருவி அரதப்பழசு, பழைய கெர்னலில்தான் ஓடும். கெர்னல் என்பது கணினியின் அடிப்படை நிரல். அதற்குள் ஹார்டு டிஸ்க்கில் எழுதும் வேலையைக் கவனிப்பது டிரைவர்.

அந்த டிரைவரில் ஒரு பிழை. டிஸ்க் திடீரென்று உறைந்துவிடும். அதை உதறி எழுப்பும் திருத்தத்தைப் புதிய கெர்னலுக்காக எழுதியவர் நப்பின்னை. "பழைய கெர்னல்களுக்கும் எடுத்துக்கொள்ளலாம்" என்று அடியில் ஒரு வரி சேர்த்தார். அப்படி உதறும்போது, டிஸ்க்கில் இன்னும் எழுதப்படாமல் நிற்பவை தொலையாமல் பத்திரப்படுத்தும் இன்னொரு மாற்றம் புதியதில் முன்பே இருந்தது, பழையதில் இல்லை. அது அவர் நினைவுக்கு வரவில்லை.

பழைய கெர்னலைப் பராமரிப்பவர் யாகப்பன். திருத்தம் முரண்டு பிடிக்காமல் பொருந்தியது. சோதித்துப் பார்க்க அந்த வகை டிஸ்க் அவரிடம் இல்லை. "வேறேதும் சேர்க்கணுமா?" என்று நப்பின்னைக்கு எழுதினார். நப்பின்னையோ தங்கை கல்யாணத்தில் இருந்தார், பதில் எழுதவில்லை. ஒரு வாரத்துக்குள் ஆட்சேபம் வராவிட்டால் வெளியிட்டுவிடுவது அவர்கள் வழக்கம். வெளியிட்டார்.

மருத்துவமனைக் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் ரஹீமா, வந்தது சோதித்ததாகத்தான் இருக்கும் என்று நம்பி உடனே நிறுவினார்.

மறுநாள் பஸ் கண்டக்டர் இருசப்பன் பதிவறையில் உட்கார்ந்து பகல் முழுக்கப் பேசினார். பேத்தியின் பெயரை மட்டும் கொஞ்சலாகவும் அதட்டலாகவும் மாற்றி மாற்றிக் கூப்பிட்டார். நடுவில் டிஸ்க் உறைந்து எழுந்தது. எழுதியாயிற்று என்றது திரை. போட்டுப் பார்த்தார்கள், கேட்டது. ஆனால் கேட்டது டிஸ்க்கில் இருந்ததல்ல, கணினியின் தற்காலிக நினைவகத்தில் இருந்த நகல். இயந்திரத்தை அணைத்ததும் அதுவும் போய்விட்டது. அறுவை முடிந்த பிறகுதான் தெரிந்தது.

"ஏனுங்க அம்மிணி, ஒரு வார்த்தைகூட மிச்சமில்லீங்களா?" என்று கேட்டார் அவர் மனைவி பாவாயி.

"இல்லீங்கம்மா" என்றார் ரஹீமா.

நப்பின்னை, யாகப்பன், ரஹீமா. இந்த மூவரில் பழி யாருடையது?

விடை: யாகப்பனுடையது. மனம் கசந்துதான் சொல்கிறேன், மனிதர் நல்லவர். நப்பின்னை மறந்தார், யாராவது சோதிப்பார்கள் என்று இருந்துவிட்டார். ரஹீமா சோதித்தாயிற்று என்று நம்பினார். சோதனையும் நடக்கவில்லை, பதிலும் வரவில்லை என்ற இரண்டும் தெரிந்தவர் யாகப்பன் ஒருவரே. "இந்த டிஸ்க்கில் சோதிக்கவில்லை" என்று ஒரு வரி சேர்த்திருந்தால் ரஹீமா பொறுத்திருப்பார். இப்போதெல்லாம் அந்த வரியைத் தவறாமல் எழுதுகிறார். இருசப்பன் கைதட்டித்தான் பேத்தியைக் கூப்பிடுகிறார்.