அஞ்சுகம் வீட்டு விரியன்

லைன்மேன் ஏகாம்பரத்துக்கு அறுபத்திரண்டு வயது. மின்வாரிய வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுமாசமே, பாம்பு பிடிக்கக் கற்றுக்கொள்ள இருளர் குடியிருப்புக்குப் போய் நின்றவர். அவருடைய குரு செஞ்சம்மாவுக்கு முப்பத்தாறு வயது. ஊரில் கேலி பேசினார்கள். பேசிவிட்டுப் போகட்டும், மனுஷன் அசரவில்லை. வனத்துறை அனுமதியும் வாங்கி, இரண்டு வருஷத்தில் கைதேர்ந்துவிட்டார். அதாவது, அவர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

ஐப்பசியில் ஒருநாள் காலை, நேராகவே கேட்டுவிட்டார்.

"அம்மா, எனக்குத் தொழில் வந்துடுச்சுன்னு எப்போ சொல்லப் போறீங்க?"

செஞ்சம்மா வேப்பங்குச்சியைத் துப்பினார். "இன்னா அவசரம் சார்?"

"ஒரு பாம்பைத் தவறவிட்டிருக்கேனா? ஒரு கடி வாங்கியிருக்கேனா?"

"இல்ல."

"அப்புறம்?"

அதற்குள் ஏகாம்பரத்தின் செல்போன் அடித்தது. ஏரிக்கரைத் தெரு அஞ்சுகம். கோழிக்கூண்டுக்குப் பின்னால் கண்ணாடி விரியன் படுத்திருக்கிறதாம். குரல் நடுங்கியது. நடுங்காதா? அவள் குழந்தை அப்போதுதான் தவழ ஆரம்பித்திருந்தது. கொஞ்சம் கண் அசந்தால் கோழியைத் துரத்திக்கொண்டு கொல்லைக்குப் போய்விடும்.

"இதே வீட்ல மூணாவது," என்றார் ஏகாம்பரம், கொக்கியை எடுத்துக்கொண்டே. பெருமையாகத்தான் சொன்னார். "ஆடியில ஒண்ணு, ஆவணியில ஒண்ணு. போன தடவை எனக்குத் துண்டு போட்டாங்க."

"நானும் வர்றேன்," என்றார் செஞ்சம்மா.

இவர்கள் போனபோது தெருவே கூடியிருந்தது. ஏகாம்பரம் மீசையைத் தடவிக்கொண்டு கொல்லைக்குள் இறங்கினார். கூண்டுக்குப் பின்னால் பழைய ஓடுகளை வீட்டுச் சுவரோரம் குவித்து வைத்திருந்தார்கள். அந்தக் குவியலின் விளிம்பில் விரியன் சுருண்டு கிடந்தது. கிட்டே போனதும் குக்கர் மாதிரி சீறியது. அவர் பதறவில்லை. கொக்கியால் மெல்லத் தூக்கி, பையில் செருகிய குழாயின் வாயைக் காட்டி, பைக்குள் இறக்கிக் கட்டினார். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. பத்துப் பேர் வீடியோ எடுத்தார்கள், கைதட்டினார்கள். உள்ளபடியே நல்ல கை அவருக்கு.

அஞ்சுகம் மட்டும் கைதட்டவில்லை. குழந்தையை இடுப்பில் இறுக்கிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

"இன்னிக்குப் பிடிச்சுட்டீங்கண்ணா. நாளைக்கு? புள்ளையைக் கீழ விடவே பயமா இருக்கு. நாள் பூரா தூளியிலயே போட்டு வெச்சிருக்கேன். கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போச்சு அதுக்கு."

"நான் இருக்கேன்மா. எப்ப கூப்பிட்டாலும் ஓடி வருவேன்," என்றார் ஏகாம்பரம். பிறகு குருவின் பக்கம் திரும்பினார். "கிளம்பலாமா அம்மா?"

"பையை நிழல்ல வைங்க. வேலை இன்னும் ஆரம்பிக்கல."

செஞ்சம்மா கூண்டுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்திருந்தார். அங்கே ஒரு கிண்ணத்தில் பால் திரிந்துபோய்க் கிடந்தது.

"இது இன்னாம்மா?"

"வெள்ளிக்கிழமை பாலும் முட்டையும் வெக்கிறேன்க்கா. பால் அப்படியே கிடக்கும். முட்டை மட்டும் காலையில இருக்காது. நாகாத்தா எடுத்துக்கிறா."

"விரியன் முட்டையே தின்னாது."

"அப்போ யாரு தின்றது?"

செஞ்சம்மா கூண்டுக்கு அடியில் கை காட்டினார். முழங்கை நுழைகிற அளவுக்கு வளை. அதன் வாயெல்லாம் முட்டை ஓடு. சுற்றிலும், கோழிக்கு இறைத்து மிஞ்சிய நொய்.

"எலிக்கு விருந்து வெச்சிருக்கே. எலியைத் தேடிக்கினு அது வருது. யாரு உனக்கு முட்டை வெக்கச் சொன்னது?"

அஞ்சுகம் திரும்பி லைன்மேனைப் பார்த்தாள்.

ஏகாம்பரத்தின் முகம் தொங்கிப்போயிற்று. ஆவணியில் துண்டு போட்ட கையோடு, "இனிமே வராம இருக்க இன்னா பண்ணணும்ணா?" என்று அவள் கேட்டிருந்தாள். கழுத்தில் துண்டும் சுற்றிலும் கூட்டமுமாக இருக்கும்போது, தெரியாது என்று எப்படிச் சொல்வது? பாலும் முட்டையும் வை என்று ஏதோ சொல்லி வைத்தார்.

"சட்டையைக் கழட்டுங்க சார்," என்றார் செஞ்சம்மா.

ஓடுகளை ஒவ்வொன்றாகக் கொக்கியால் நெம்பிப் பார்த்து, வயல் ஓரத்துக்குச் சுமந்தார்கள். வளைகளில் கண்ணாடிச் சில்லைப் போட்டு சிமெண்ட் பூசினார்கள். கூண்டைத் தரையிலிருந்து தூக்கி, இடுப்பளவு உயரத்தில் கல் கொடுத்து வைத்தார்கள். நொய்யை மூடி போட்ட டின்னில் கொட்டினார்கள். கோழிக்கு அது தின்று முடிக்கிற அளவுதான் இறைக்கணும், இருட்டுறதுக்குள்ள கூட்டிப் பெருக்கிடணும் என்று அஞ்சுகத்துக்குச் சொன்னார் செஞ்சம்மா.

கூட்டம் எப்போதோ கலைந்துவிட்டது. கிழவன் சிமெண்ட் குழைப்பதை எவன் வீடியோ எடுப்பான்?

ஏகாம்பரத்துக்கு எரிச்சலாக வந்தது. "அம்மா, இது பாம்பு பிடிக்கிறவன் வேலையா, கொத்தனார் வேலையா?"

"கலவை தண்ணியா இருக்கு சார். கெட்டியாக் குழைங்க."

வேலை முடிய மத்தியானம் மூன்று மணி ஆயிற்று. அதற்குப் பிறகுதான் வனத்துறைக்குச் சொல்லிவிட்டு, பையைக் காட்டுக்கு எடுத்துப் போனார்கள்.

கார்த்திகை போயிற்று, மார்கழி போயிற்று. பொங்கல் முடிந்த வாரம் ஏகாம்பரம் செஞ்சம்மாவிடம் வந்தார். முகம் சரியில்லை.

"அஞ்சுகம் வீட்டுப் பக்கம் போயிருந்தேம்மா."

"புள்ள எப்படி இருக்கு?"

"கொல்லையில தத்தித் தத்தி நடக்குது. அதைப் பார்க்கச் சந்தோஷமாத்தான் இருந்துச்சு." குந்தி உட்கார்ந்தார். "டீ குடுத்தா. ஊர்க்கதை எல்லாம் பேசினா. பாம்பைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. அதுகூடப் பரவாயில்ல. சமையக்கட்டுச் சுவத்துல என் நம்பரைக் கரியால இவ்ளோ பெருசா எழுதி வெச்சிருந்தா. பொங்கலுக்கு வெள்ளையடிச்சு அதையும் அழிச்சுட்டாம்மா. மனசு கஷ்டமாப் போச்சு."

செஞ்சம்மா வாய்விட்டுச் சிரித்தார்.

"அந்த வீட்ல உங்களுக்குத் தொழில் வந்துடுச்சு சார். இன்னும் எத்தனை வீட்டுச் சுவத்துல உங்க நம்பர் இருக்கு?"

ஏகாம்பரம் யோசித்தார். "பதினஞ்சு இருபது இருக்கும்."

செஞ்சம்மா எழுந்து சிமெண்ட் சட்டியை எடுத்தார்.

"வாங்க, அழிச்சுட்டு வரலாம்."