ஓணான் ‘இல்லை’யைத் தொலைத்த கதை

அந்தக் காலத்தில், ஊர்வதும் பறப்பதும் நடப்பதும் ஒரே பாஷை பேசிக்கொண்டிருந்த காலத்தில், காட்டில் எல்லோரிடமும் ஒரு செல்போன் இருந்தது. சிரிக்க வேண்டாம், நிஜமாகவே இருந்தது. கையில்லாத பாம்பு வாலில் சுற்றி வைத்திருந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தப் போன்களில் மூன்று வகை. யானை வகை, மயில் வகை, தும்பி வகை. யானை வகையைக் கறையான் செய்தது, குளவி செய்தது, சிலந்தி செய்தது, ஊர் பேர் தெரியாத வண்டெல்லாம் செய்தது. பெரியது, சின்னது, தண்ணீரில் விழுந்தாலும் கெடாதது என்று கடையில் நாற்பது மாடல் கிடைக்கும். மயில் வகையை மயில் மட்டும்தான் செய்தது. ஆனால் அதற்கு வசதி இருந்தது. வருஷம் பிறந்தால் ஒரு புது நிறம் இறக்கிவிடும். தும்பி வகையைச் செய்ய ஒரே ஆள்தான், தூக்கணாங்குருவி. மாடலும் ஒன்றுதான். நிறமும் ஒன்றுதான், காய்ந்த புல்லின் நிறம்.

ஆனாலும் தும்பியிடம் மற்ற இரண்டிலும் இல்லாத ஒரு சங்கதி இருந்தது. அதில் வாய் திறந்து பேச வேண்டியதில்லை. காதோடு வைத்துக்கொண்டு தலையை மேலும் கீழும் ஆட்டினால் போதும். எதிர்முனையில் இருப்பவரின் போன் ஒருமுறை மெல்ல அதிரும். அது ‘ஆமாம்’. பக்கவாட்டில் ஆட்டினால் இருமுறை அதிரும். அது ‘இல்லை’. ‘வேண்டாம்’, ‘கூடாது’, ‘போகாதே’ எல்லாம் அதில் அடக்கம். ஒரு தும்பியின் அதிர்வு இன்னொரு தும்பிக்குத்தான் போகும். அதனால் நத்தை, முயல், மண்புழு மாதிரி சத்தம் வராத ஜீவன்கள் எல்லாம் தும்பிதான் வைத்திருந்தன. எழுதி அனுப்பலாமே என்று கேட்பீர்கள். எழுத்து அந்தக் காட்டில் யாருக்குத் தெரியும்?

வேலாண்டி என்றொரு ஓணான் இருந்தான். அவனுக்குக் குரல் பேருக்குத்தான். எதிரில் நின்றால் கேட்கும், போனுக்குக் கேட்காது. ஆற்றின் இந்தக் கரையில் ஒரு முள்வேலியில் தனியாகக் குடியிருந்தான்.

அக்கரையில் பூரணி இருந்தாள். முதுகெல்லாம் நட்சத்திரம் போட்ட ஆமை. முன்னே ரெண்டு பேருக்கும் ஒரே வேலியடிதான். ஆறு திசை மாறி ஓடின வருஷம், நடுவில் தண்ணீர் புகுந்து ஒருவரை இந்தப் பக்கமும் ஒருவரை அந்தப் பக்கமும் ஆக்கிவிட்டது. ரெண்டு பேருக்கும் நீச்சல் தெரியாது. பூரணி அவனுக்கு மதினி முறை. ரத்தச் சொந்தம் ஒன்றும் இல்லை, வாயால் வைத்துக்கொண்ட முறைதான்.

தினமும் வெயில் ஏறத் தொடங்கும்போது பூரணி தன் பாறையில் ஏறி நின்று கூப்பிடுவாள். வேலாண்டி வேலி உச்சிக்கு ஓடுவான், சிக்னல் அங்கேதான் நன்றாகக் கிடைக்கும். அக்கரைப் பாறைமேல் அவள் ஒரு புள்ளியாகத் தெரிவாள். அவளுக்குப் பார்வை மட்டு, அவன் தெரியமாட்டான்.

“என்ன கொழுந்தனாரே, குளிச்சாச்சா?” என்பாள். அவன் தலையாட்டுவான். “பொய் சொல்லாதீரும். உமக்கும் தண்ணிக்கும் என்ன சம்பந்தம்?” என்று அவளே சிரிப்பாள். கத்தாழை பூத்தது, நரி குழியில் விழுந்தது, மகள் வீட்டுச் சேதி எல்லாம் வரும். அவன் ஆட்டிக்கொண்டே இருப்பான். நாள் பூராவும் வேறு யாரும் அவனிடம் ஒரு வார்த்தை பேசுவது கிடையாது. அந்த ஒரு நாழிகைதான் அவனுக்கு நாள்.

இப்படியிருக்க, தும்பிக்காரர்கள் ஒவ்வொருவராகக் கழன்றார்கள். முயலின் சொந்தபந்தமெல்லாம் யானை வகையில் கூட்டாகப் பாட்டுக் கேட்டது. அந்தப் பாட்டு தும்பியில் வரவில்லை, முயல் மாறிவிட்டது. நத்தைக்குப் புது மாடல் வேண்டியிருந்தது. தும்பியில் புது மாடல் ஏது? அதுவும் மாறிவிட்டது. மண்புழு எப்போது போனதென்று யாரும் கவனிக்கவில்லை. ஒருநாள் எண்ணிப் பார்த்தால் தும்பி வைத்திருந்தது ரெண்டே பேர். வேலாண்டியும் பூரணியும்.

அந்த வருஷம் ஆடிக் காற்றில் வேலாண்டியின் போன் வேலியிலிருந்து விழுந்தது. உடையவில்லை. மறுநாள் பூரணி கூப்பிட்டாள்.

“அங்கே மழையா கொழுந்தனாரே?”

மழை இல்லை. பக்கவாட்டில் தலையாட்டினான்.

“என்ன, சத்தத்தைக் காணோம்? தூங்கிட்டீரா?”

மறுபடி பக்கவாட்டில் ஆட்டினான். ஒன்றும் போகவில்லை. பதறிப்போய் மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தான். அது போயிற்று.

“தூங்கிக்கிட்டே பதில் சொல்றீராக்கும்! வெவரமான ஆளுதான்!” பூரணி விழுந்து விழுந்து சிரித்தாள்.

வேலாண்டிக்குச் சிரிப்பு வரவில்லை. போனில் ‘இல்லை’ போய்விட்டது. ‘ஆமாம்’ மட்டும் மிச்சம்.

அணில் கடைக்கு ஓடினான். கடை முழுக்க யானையும் மயிலும் மினுங்கின.

“வாங்க அண்ணாச்சி! இன்னுமா இதைக் கட்டிக்கிட்டு மாரடிக்கிறீங்க?” என்றது அணில்.

“பக்கவாட்டுல ஆட்டினா போகல. சரிபண்ணு. இல்லேன்னா புதுத் தும்பி ஒண்ணு கொடு.”

அணில் கீழ்த்தட்டில் தலையை நுழைத்து, தூசியோடு ஒன்றை இழுத்துப் போட்டது. வேலாண்டி ஆசையாக எடுத்தான். தக்கை மாதிரி இருந்தது.

“அது பார்வைக்கு வச்ச வெறுங்கூடு அண்ணாச்சி. உள்ள ஒண்ணும் கெடையாது. வருஷம் மூணாச்சு, தும்பி கேட்டு வந்த முத ஆளு நீங்கதான். யானையில ஒண்ணு எடுங்க. இந்தா, பேசித்தான் பாருங்களேன்.”

ஒன்றை அவன் கையில் கொடுத்துவிட்டு, இன்னொன்றோடு கடையின் மறுகோடிக்கு ஓடியது.

“ஹலோ! ஹலோ! காத்துதான் வருது அண்ணாச்சி. கொஞ்சம் சத்தமா எட்டிப் பேசுங்க!”

வேலாண்டி எட்டிப் பேசினான். இன்னும் எட்டிப் பேசினான். அடித்தொண்டையிலிருந்து இழுத்துப் பேசினதில் கழுத்து ரத்தமாகச் சிவந்துவிட்டது.

“ம்ஹூம். காத்துதான்,” என்றது அணில். அப்புறம் அவன் கழுத்தைப் பார்த்துவிட்டு, கேலியை விட்டுவிட்டுச் சொன்னது: “செஞ்ச ஆளையே போய்ப் பாருங்க. கெணத்தங்கரை கருவேல மரம்.”

கிணற்றின்மேல் சாய்ந்த கிளையில் தூக்கணாங்குருவி தலை நிமிராமல் பின்னிக்கொண்டிருந்தது. யானை வகைக்கு உறை. பக்கத்துக் கிளைகளில் பாதியில் விட்ட தும்பிகள் நாலைந்து காற்றில் ஆடின.

வேலாண்டி போனை நீட்டினான். குருவி திருப்பிப் பார்த்தது.

“உள்ள ஒரு நார் அறுந்திருக்கு. அவ்வளவுதான்.”

“அப்ப மாட்டிக் கொடுங்க.”

“நார் எங்க இருக்கு? அந்த நாருக்கு ஆத்துமேட்டுப் புல்லு வேணும், அதை ஊறவைக்கணும், முறுக்கணும், ஒரு மாச வேலை. தும்பிக்குச் சிக்னல் விடுறவங்களே மலைப்பக்கமெல்லாம் போதும்னு கையை உதறிட்டாங்க. நான் ஒருத்தன் என்ன செய்ய?”

“வாங்கும்போது சொன்னீங்க. எத்தனை வருஷமானாலும் பாத்துக்கிடுவேன்னு.”

“சொன்னேன்.” குருவி அவனைப் பார்க்காமல் பின்னலைப் பார்த்தது. “அப்ப நீங்க நூறு பேரு இருந்தீங்க.”

வேலாண்டி நகரவில்லை. குருவிக்கே சங்கடமாகிவிட்டது.

“ஆமாம் போகுதுல்ல? அதை வச்சு ஓட்டு வேலாண்டி. யாரும் உன்கிட்ட என்ன கேட்டுறப் போறாங்க? சாப்பிட்டியா, நல்லாருக்கியான்னுதானே. அதுக்கெல்லாம் ஆமாம் போதும்.”

கொஞ்ச நாள் போதுமாகத்தான் இருந்தது. சாப்பிடாத நாளிலும் சாப்பிட்டேன் என்றான். நல்லாயில்லாத நாளிலும் நல்லாயிருக்கேன் என்றான். பூரணிக்கு வித்தியாசம் தெரியவில்லை.

ஒருநாள் பூரணி கூப்பிட்டாள். வழக்கமான சிரிப்பு இல்லை.

“கொழுந்தனாரே, ஒண்ணு கேக்கணும். மலையடிவாரத்துல மக இருக்கால்ல, தன்னோட வந்து இருந்துருன்னு ஆள் மேல ஆள் அனுப்புறா. பேரப்பிள்ளைக பொறந்து ஓடு கெட்டிப்பட்டாச்சு, நான் இன்னும் கண்ணால பாக்கல. ஆனா அங்க தும்பிக்குச் சிக்னல் கெடையாது. போனா உம்மகிட்டப் பேச முடியாது.”

வேலாண்டி வேலிக்குச்சியை இறுக்கிப் பிடித்தான்.

“நீரே சொல்லும். நான் போகட்டுமா? நீர் வேண்டாம்னா போகமாட்டேன். சத்தியமா. இங்கேயே கெடப்பேன்.”

வேலாண்டி பக்கவாட்டில் தலையாட்டினான். அதிரவில்லை. கழுத்து முறிகிற மாதிரி ஆட்டினான். போனைக் கைமாற்றி, தட்டி, ஊதி, மறுபடி ஆட்டினான். “வேண்டாம் மதினி” என்று கத்தினான். கழுத்துச் சிவந்ததுதான் மிச்சம். ஆற்றுக்காற்று அதை வேலியிலேயே போட்டுவிட்டுப் போனது.

“யோசிக்கிறீரா? யோசியும். நீர் சொல்ற வரைக்கும் எறங்கமாட்டேன்.”

வெயில் ஏறியது. அக்கரைப் பாறையில் ஒரு பொட்டு நிழல் கிடையாது. புள்ளி அசையாமல் நின்றது. பேசாமல் இருந்துவிட்டால் அவள் போகமாட்டாள் என்று ஒரு நிமிஷம் நினைத்தான். நினைத்ததற்கு வெட்கப்பட்டான்.

“ஓடு சுடுது கொழுந்தனாரே,” என்றது போன். குரல் உலர்ந்திருந்தது. “பரவால்ல. இருக்கேன்.”

உச்சிக்கு வந்த வெயிலைப் பார்த்தான். புள்ளியைப் பார்த்தான். அவனிடம் இருந்தது ஒரே ஒரு சொல்.

தலையை மேலும் கீழும் ஆட்டினான்.

அக்கரையில் போன் ஒருமுறை அதிர்ந்தது.

“போகச் சொல்லுதீரா?”

ஆட்டினான்.

“அதுசரி.” பூரணி சிரிக்கப் பார்த்தாள். “நான் ஒரு கிறுக்கி. நீர் வேண்டாம்னுதான் சொல்லுவீருன்னு நெனச்சு, அதுக்காகத்தான் இம்புட்டு நேரம் வெயில்ல நின்னேன்.”

அவன் பக்கவாட்டில் ஒருமுறை ஆட்டினான், போகாதென்று தெரிந்தே.

“சரி, நல்லா இரும். காத்தடிச்சா உச்சியில நிக்காதீரும். கேக்குதா?”

ஆட்டினான்.

“என்னை நெனச்சுக்கிடுவீரா?”

ஆட்டினான்.

“நான் நடந்துக்கிட்டே கையில புடிச்சிருக்கேன். சிக்னல் இருக்கிற மட்டும் ஆட்டிக்கிட்டே வாரும். ஆள் கூட வர்ற மாதிரி இருக்கும்.”

புள்ளி பாறையிலிருந்து இறங்கியது. ஆமை நடை தெரியுமே, பொழுது சாய்கிற மட்டும் அவள் போய்க்கொண்டே இருந்தாள். கத்தாழைக்கு இந்தப் பக்கம் தெரிந்தாள், அந்தப் பக்கம் தெரிந்தாள். வேலாண்டி ஆட்டிக்கொண்டே இருந்தான். மேட்டில் ஏறினாள், சிறுத்தாள், மேடு மட்டும் நின்றது. அவன் நிறுத்தவில்லை. சிக்னல் எந்த இடத்தில் அறும் என்று அவள் சொல்லவில்லையே.

போன் எங்கே விழுந்ததோ தெரியாது. மற்றவர்களுடையதும் காலத்தில் ஒவ்வொன்றாகப் போயிற்று, பாஷையும் போயிற்று. தூக்கணாங்குருவி இன்றைக்கும் பாதியில் விட்ட கூடுகளைக் கிளையில் தொங்கவிட்டு வைத்திருக்கிறது. ஓணான் பக்கவாட்டில் தலையாட்டி யாரும் பார்த்ததில்லை. அன்று முதல்தான் அது வேலி உச்சியில் ஏறி, கழுத்துச் சிவக்க, யாருமில்லாத திசையைப் பார்த்து ஆமாம் ஆமாம் என்று தலையை ஆட்டிக்கொண்டே இருக்கிறது, போகிறவள் இன்னும் போய்க்கொண்டிருக்கிறாள் என்பதுபோல.