நாற்பத்திரண்டு நோய்க்கு ஒரு குளிகை

விக்டோரியா மகாராணி காலத்துப் பஞ்சாங்கங்களின் பின்னட்டையைப் பார்த்தால் இன்றும் ஏக்கம்தான். பல்வலி முதல் பிரசவ வலி வரை, நாற்பத்திரண்டு நோய்க்கும் அன்று ஒரே குளிகை போதும்!

அதை விற்ற சபாபதி முதலியார் தம் அச்சகத்தில் அச்சுக்கோக்கும் ஏசுவடியானை மிரட்டினார்: "நாற்பத்திரண்டும் தீர்ந்த ஒரே ஆளின் நற்சாட்சிக் கடிதம் நாளைக்கு வேண்டும். இல்லாவிட்டால் உனக்கு வேலையில்லை."

மறுநாள், மொத்தமாகக் குளிகை வாங்க வந்த ரங்கூன் வியாபாரியின் முன்னால் அச்சுப்படியை வாசித்த முதலியார் அலறினார். கடிதத்தின் கீழே அவர் பெயரே இருந்தது.

"எனக்கு ஏதடா பிரசவ வலி?"

"வேறு யார் பெயரைப் போட்டாலும் மறுத்துவிடுவார்கள், ஐயா. நீங்கள் மறுப்பீர்களா?"

"அந்தக் கருமத்தை நான் வாயில் வைத்ததே கிடையாதடா!"

வியாபாரி எழுந்தார். "குளிகை வேண்டாம், முதலியார். கடிதம் எழுதிய இவரை என்னோடு அனுப்புங்கள்."