கன்னுக்குட்டியைக் குளிப்பாட்டின பூவாத்தா

காலை ஆட்டாதே தேனு. உங்கம்மா வந்து பார்த்தா, "பெரியம்மாளும் பொண்ணும் இன்னும் கொட்டமடிக்கறீங்களா"ன்னு என்னைத்தான் வைவா. போர்வைய இழுத்துக்கோ. நான் சொல்லச் சொல்ல ம் கொட்டணும். கொட்டலேன்னா கதைய நிறுத்திருவேன், ஆமா.

ஒரு ஊர்ல ஒரு பூவாத்தா இருந்தா. அந்த ஊர்ல எந்த வீட்ல குழந்தை பொறந்தாலும் குளிப்பாட்ட அவளைத்தான் கூப்பிடுவாங்க. காலை நீட்டி உக்காந்து, குழந்தையைக் கால் மேல போட்டு, எண்ணெய் தேய்ச்சு, பயத்தமாவு பூசி, சுடுதண்ணிய மொண்டு மொண்டு ஊத்துவா. அப்புறம் சாம்பிராணிப் புகை. அப்புறம் கன்னத்துல ஒரு மைப் பொட்டு. எப்பேர்ப்பட்ட அழுகுணியும் பொழுது சாயற வரைக்கும் தூங்கும். உன்னை மாதிரி இல்ல.

"ம்."

ரோஷத்தைப் பாரு! அந்தப் பூவாத்தாளுக்குப் புருஷனும் இல்ல, புள்ளையும் இல்ல. ஊர்க் குழந்தைகளை எல்லாம் கொஞ்சிட்டு வீட்டுக்கு வந்தா, வீட்ல ஈ காக்கா கிடையாது. பாவம், அதான் ஒரு மாடாவது வளர்க்கலாம்னு சந்தைக்குப் போனா. கூட பக்கத்து வீட்டு ராக்கியப்பன் போனான். மாட்டு விஷயமெல்லாம் அவனுக்கு அத்துப்படி.

சந்தைல வண்டி இழுக்கற காளை நின்னுச்சு, ஒசரமான திமிலோட. கறிக்குன்னு வளர்த்த மாடு நின்னுச்சு, முதுகும் தொடையும் சதை புடிச்சு அகல அகலமா. பால் மாடு பார்க்க ஒல்லி, இடுப்பெலும்பு கூடத் தெரியுது, ஆனா மடி மட்டும் இத்தாம் பெருசு. பூவாத்தா என்ன பண்ணினா? குண்டு மாடாப் பார்த்து, "இதுதான் கொழுகொழுன்னு இருக்கு, இதையே ஓட்டிட்டுப் போலாம்"னா.

"ஏக்கா, அது தின்னறதெல்லாம் சதையாப் போகும். உங்களுக்குத் தின்னறது பாலாப் போற மாடு வேணும்"னு ராக்கியப்பன் சிரிச்சான்.

அப்புறம் ஒரு செவலைப் பசுவை வாங்கினாங்க. சினை மாடு, வயித்துல கன்னு இருந்துச்சு. வீட்டுக்கு வந்த மறுநாளே பூவாத்தா அலறிட்டு ஓடினா. "ராக்கியப்பா! என் செவலைக்கு மேல் முன்பல்லு ஒண்ணு கூட இல்ல! தின்னதெல்லாம் வாய்க்கே திரும்பி வருது! ஏமாத்திட்டாங்கடா!"

"எந்த மாட்டுக்கும் மேல முன்பல்லு கிடையாதுக்கா. நாக்கால புல்லைச் சுத்தி இழுத்து, அவக்கு அவக்குன்னு முழுங்கிரும். வயித்துல நாலு அறை. முதல்ல உள்ள தள்ளிக்கும், அப்புறம் படுத்துக்கிட்டு வாய்க்குக் கொண்டாந்து மொறுக் மொறுக்னு மெல்லும். அசை போடுது, அவ்வளவுதான்."

"எனக்கு எத்தனை அறை, பெரிம்மா?"

உனக்கு ஒண்ணுதான் தங்கம். அதுக்கே ரெண்டு வாய் சோறு ஊட்டறதுக்குள்ள எனக்கு இடுப்பு ஒடிஞ்சு போகுது.

அப்புறம் மாசம் போச்சு. மாட்டுக்கும் நம்மள மாதிரி ஒம்பது மாசந்தான். ஒரு நாள் விடிகாலைல முதல்ல ரெண்டு முன்னங்கால் வந்துச்சு, அப்புறம் மூக்கு, அப்புறம் பொத்துன்னு கன்னுக்குட்டி வைக்கோல் மேல விழுந்துச்சு. ஒடம்பெல்லாம் கொழகொழன்னு ஈரம். செவலை திரும்பி நக்கறதுக்கு நாக்கை நீட்டுச்சு. அப்போ பூவாத்தாளுக்குக் கை சும்மா இருக்குமா? "ஐயோ, என் ராசாத்தி, இப்படியா கிடப்பே"ன்னு கன்னை வாரித் தூக்கிட்டுப் போயிட்டா.

காலை நீட்டிக் கன்னைப் போட்டா. எண்ணெய், பயத்தமாவு, சுடுதண்ணி, சாம்பிராணி, மைப் பொட்டு! ஒண்ணு பாக்கி விடலை. ஈர வைக்கோலையும் கூட்டிக் குப்பைமேட்டுல கொட்டிட்டா. அப்புறம் கன்னை ஜம்முனு கொண்டாந்து, "இந்தாடி உன் பொண்ணு"ன்னு விட்டா.

செவலை மோந்து பார்த்துச்சு. புர்ர்ருன்னு மூச்சு விட்டுச்சு. தடார்னு ஒரு உதை!

"அது அவ கன்னுதானே!"

உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். மாட்டுக்கு மூக்குதானே சொல்லணும்? இது சாம்பிராணி வாசம், எவ வீட்டுப் புள்ளையோன்னு தள்ளிட்டு, "ம்ம்மாஆஆ"ன்னு தன் கன்னைத் தேடிக் கத்துது. கன்னு வெடவெடன்னு நடுங்குது.

ராக்கியப்பன் வந்து தலைல கை வச்சுட்டான். "அக்கா, கன்னு போட்ட மாட்டோட முதல் பால், மஞ்சளா கெட்டியா வருமே, அந்தச் சீம்பால்தான் கன்னுக்கு உசுரு. வெயில் ஏறறதுக்குள்ள அது உள்ள போகணும். போகலேன்னா கன்னு பொழைக்காது."

பூவாத்தா ஓடிப் போய்க் கயிறை எடுத்தாந்தா.

முதல்ல, செவலையோட பின்னங்காலைக் கட்டிட்டுக் கன்னை மடிக்கிட்ட விட்டாங்க. செவலை திமிறித் திமிறிக் கயிறையே அத்துருச்சு.

அப்புறம், பூவாத்தாளே பால் கறக்க உக்காந்தா. நாலு காம்பும் இழுத்தா. செவலை பாலை எக்கிக்கிச்சு. மனசு வரலேன்னா மாடு சொட்டு விடாது.

அப்போ வெயில் கொட்டகை வாசல் வரைக்கும் வந்துருச்சு. கன்னு தலையைத் தொங்கப் போட்டுருச்சு. பூவாத்தா கன்னைக் கட்டிப் புடிச்சுட்டு, "நான் பாவி! பெத்தவ வாசத்தை நானே கழுவி விட்டுட்டேனே"ன்னு ஓன்னு அழுதா.

தூங்கிட்டியா?

"இல்ல... கன்னு?"

சொல்றேன், சொல்றேன். அழுதவ சட்டுனு எழுந்திரிச்சா. பெத்த வாசம் எங்க போச்சு? குப்பைமேட்டுக்கு! ஓடினா. கால் கழுவாம வீட்டுக்குள்ள போகாத பூவாத்தா, முழங்கால் வரைக்கும் குப்பைல எறங்கி அந்த ஈர வைக்கோலை ரெண்டு கையாலயும் அள்ளினா. மாரோட அணைச்சுட்டு வந்தா. கன்னோட தலை, முதுகு, வாலுன்னு தேய் தேய்னு தேய்ச்சா. சாம்பிராணி போச்சு, மை போச்சு. அவ சேலை, கை, மூஞ்சி எல்லாம் அதே கொழகொழா.

"அக்கா, மெதுவா விடுங்க"ன்னு ராக்கியப்பன் சொன்னான்.

செவலை மோந்துச்சு. காதை முன்னால விட்டுச்சு. அப்புறம் ஒரு நக்கு. சரக்! இன்னொரு நக்கு. சரக், சரக்! நக்க நக்க கன்னுக்கு ஒடம்பு சூடாச்சு, தட்டுத் தடுமாறி எழுந்துச்சு, விழுந்துச்சு, எழுந்துச்சு. மடியை முட்டி முட்டிப் பார்த்து, காம்பைப் புடிச்சு சப்பு சப்புன்னு குடிச்சுது. கடைவாயில மஞ்சள் நுரை வழியுது.

அப்புறம் செவலை திரும்பினா. பக்கத்துல உக்காந்திருந்த பூவாத்தாளை மோந்து பார்த்தா. அவ மேலயும் அதே வாசம்! சரக்குனு கையை நக்கினா. சரக்குனு மூஞ்சிய நக்கினா. ரெண்டு கன்னு போட்டிருக்கோம்னு நினைச்சுக்கிட்டா போல.

ராக்கியப்பன் வாளியில தண்ணி கொண்டாந்து, "கழுவிக்கோங்கக்கா"ன்னான்.

"போடா அந்தண்ட! தண்ணிய எடுத்துட்டுப் போ. இப்பத்தான் என்னைப் புள்ளைன்னு சேர்த்திருக்கா"ன்னா பூவாத்தா.

"ம்..."

கன்னு வயிறு நிறைஞ்சு படுத்துருச்சு. செவலை அசை போட்டுக்கிட்டே படுத்துருச்சு. கதையும் படுத்துருச்சு, தேனுக்குட்டியும் படுத்தாச்சு. கண்ணை மூடு.