எட்டாவதாக எழுந்தவர்

முன்னொரு காலத்தில் நெடுங்கரை நாட்டை விசயகண்டன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். ஆண்டான் என்பதைவிட, 'கூடாது' என்று சொல்லிக்கொண்டிருந்தான் என்பதே சரி. அந்த நாட்டில் பாட்டன் காலத்து வழக்கம் ஒன்று உண்டு. ராஜா கூடாது என்றாலும், சபையின் பன்னிரண்டு பேரில் எட்டுப் பேர் எழுந்து நின்றால் காரியம் நடந்தே ஆக வேண்டும். எட்டுப் பேர் எழுந்ததாகத்தான் யாருக்கும் நினைவில்லை.

அந்த வருஷம் ராஜா புதுப் படகு செய்தான். ஏரியில் தண்ணீர் குறைந்தால் படகு தரைதட்டுமே என்று மதகை அடைத்துவிட்டான். கீழே வயலில் நெல் பால் பிடிக்கிற பருவம். இன்றைக்குத் தண்ணீர் பாயாவிட்டால் எல்லாம் பதர்.

மந்திரி நல்லாண்டார் வீடு வீடாகப் போய்க் கெஞ்சினார். ஆறு பேர் தலையாட்டினார்கள். அவரோடு ஏழு. எட்டாவது ஆள் அகப்படவே இல்லை. யோசித்துப் பார்த்துவிட்டு, அந்த ஆறு பேரையும் சபையில் பெரிய தூணுக்குப் பின்னால் போய் உட்காரச் சொன்னார்.

சபை கூடியது.

"மதகைத் திறக்க வேண்டும், பிரபு."

"கூடாது."

"அப்படியானால் சபை சொல்லட்டும்."

ஏழு பேர் எழுந்தார்கள். மந்திரி பதவிமேல் வெகுநாளாகக் கண்வைத்திருந்த தளவாய் வீரகேசரி உட்கார்ந்தபடியே சிரித்தான். "ஒரு தலை குறைகிறதே மந்திரியாரே! இரவல் வாங்கி வரட்டுமா?"

நல்லாண்டார் பெருமூச்சு விட்டார். "தோற்றுவிட்டோம் பிரபு. தூணுக்குப் பின்னால் நிற்பவர்கள் யாரென்று மட்டும் பார்க்காதீர்கள். பிள்ளைகுட்டிக்காரர்கள், பாவம்."

"பார்க்காமலா? நன்றாகப் பாருங்கள் பிரபு, துரோகிகளின் முகத்தை!" என்று கத்தினான் வீரகேசரி.

ராஜா எழுந்து கழுத்தை நீட்டினான். ராஜா நிற்கும்போது உட்கார்ந்திருக்க எவனுக்குத் துணிச்சல் வரும்? மிச்சமிருந்த ஐவரும் துள்ளி எழுந்தார்கள். முந்திக்கொண்டது வீரகேசரிதான்.

"கட்டியக்காரரே, எண்ணும்!" என்றார் மந்திரி.

"பன்னிரண்டு!"

"அநியாயம்! மரியாதைக்கல்லவா எழுந்தோம்?" என்று அலறினான் வீரகேசரி.

"அப்படியா? மதகு திறக்க வேண்டாம் என்பவர் தாராளமாக உட்காரலாம், தளவாயாரே. மகாராஜா நிற்கிறார், பரவாயில்லையா?"

வீரகேசரியின் முழங்கால் மடங்கப் பார்த்தது. ராஜா திரும்பினான். முழங்கால் நிமிர்ந்துகொண்டது. அதற்குள் கட்டியக்காரர் முடிவாகிவிட்டதென்று முரசை அறைந்துவிட்டார்.

ராஜா மந்திரியை முறைத்தான். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தான். "என்னை எழுப்பிவிட்டே என் வாயை அடைத்தீரே!" என்று முத்துமாலையைக் கழற்றி அவர் கழுத்தில் போட்டான். "எட்டாவதாக எழுந்தது யார்?"

"தளவாய், பிரபு."

"சேற்றில் இறங்கி அவரே மதகைத் திறக்கட்டும்."

பொழுது சாய்வதற்குள் வயலுக்குத் தண்ணீர் போய்ச் சேர்ந்தது.

மறுநாள் ராஜா உஷாராகிவிட்டான். சபை நடுவே எழுந்து நின்று, "இனி நான் எழுந்தால் ஒருவரும் எழக் கூடாது!" என்று முழங்கினான்.

சபை முழுக்க எழுந்து நின்று பணிவோடு கேட்டுக்கொண்டது.

கட்டியக்காரர் தொண்டையைச் செருமினார். "எண்ணட்டுமா, பிரபு?"