நான்கு ஒர்த்தான்ஸ்

குருவுக்கு முப்பத்தெட்டு வயது. சீடருக்கு அறுபத்தாறு. அதனால் குரு சீடரை ‘சார்’ என்றார். சீடர் குருவை ‘மதாம்’ என்றார். இருவருக்கும் இதில் குறையில்லை.

குருவின் பெயர் செலின் அருளானந்தம். பிரான்சில் கிராஸ் என்னும் ஊரில் ஒன்பது வருடம் வாசனைத் தொழில் பழகிவிட்டு, புதுச்சேரிக்குத் திரும்பி, அத்தர் செய்யும் ஒரு சிறிய கூடம் வைத்திருந்தார். சீடர் சபாபதி, கல்லூரியில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவர். ஒரே ஒரு வாசனையைச் செய்யக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று பதினோரு மாதமாக வந்துகொண்டிருந்தார்.

ஒரு புதன்கிழமை காலை, துணிப்பையிலிருந்து நான்கு புட்டிகளை எடுத்து மேசைமேல் வரிசையாக வைத்தார். நான்கிலும் ஒரே பிரெஞ்சு அத்தரின் பெயர்: ஒர்த்தான்ஸ்.

“இதுல எது நிஜமான ஒர்த்தான்ஸ், மதாம்?”

“நாலுலயும் அப்படித்தானே எழுதியிருக்கு?”

“எழுதியிருக்கிறதை நம்பினா நான் ஏன் கெமிஸ்ட்ரி படிக்கணும்?”

செலின் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சபாபதி நின்றார். கரும்பலகை இல்லாத குறை ஒன்றுதான்.

“முதலாவது, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொண்ணு. பாரிஸ்ல முதல்முதலா வந்தது. அசல் புனுகு, மைசூர்ச் சந்தனம், மல்லிகை, ஓக் மரத்துப் பாசி. என் மச்சான் பிரான்சுல தூலோன்ல இருந்து நேத்துத்தான் அனுப்பிவெச்சார். அடியில கொஞ்சம்தான் இருக்கு. ரெண்டாவது, ஐம்பத்திரண்டு. புனுகை எடுத்துட்டாங்க, பதிலுக்கு ஃபேக்டரிச் சரக்கு. மூணாவது, எண்பத்தெட்டு. சந்தனம் கிராக்கியாச்சு, பாதியாக் குறைச்சுட்டாங்க. நாலாவது, ரெண்டாயிரத்து அஞ்சு. பாசி தோலுக்கு ஆகாதுன்னு அதையும் எடுத்துட்டாங்க. ஒவ்வொரு தடவையும் ‘மாற்றமில்லை’ன்னு விளம்பரம் வேற.”

“சரி. எது நிஜம்னு தெரிஞ்சா என்ன செய்வீங்க?”

சபாபதியின் குரல் இறங்கியது.

“அதே மாதிரி புதுசாச் செஞ்சு மரகதத்துக்குப் பூசுவேன்.”

மரகதம் அவர் மனைவி. அவளுடைய அப்பா பிரெஞ்சுப் படையில் இருந்தவர். கல்யாணத்துக்கு மகளுக்கு ஒர்த்தான்ஸ் புட்டி ஒன்று வாங்கி வந்தார். அன்றிலிருந்து நாற்பது வருடம் அவள் வேறு எதையும் பூசியதில்லை. இரண்டு வருடத்துக்கு முன்பு வந்த ஒரு காய்ச்சலில் அவளுக்கு வாசனை தெரியாமல் போயிற்று. காய்ச்சல் போய்விட்டது, வாசனை திரும்பவில்லை.

“பால் தீஞ்சது தெரியலன்னாக்கூடப் பரவாயில்ல, மதாம். தன் மேல நாத்தம் அடிக்குதோன்னு அவளுக்குச் சந்தேகம். ஒரு நாளைக்கு நாலு தடவை குளிக்கிறா. யார் வந்தாலும் பின்கட்டுக்குப் போயிடறா. ஞாயித்துக்கிழமை கடலூர்ல எங்க பொண்ணுக்கு வளைகாப்பு. ‘நாலு பேர் நடுவுல நான் வரமாட்டேன், நீங்க மட்டும் போயிட்டு வாங்க’ங்கறா. பெத்த பொண்ணுக்கு முதல் வளையல் போட அம்மா வரலன்னா எப்படி?”

“இருக்கிறதைப் பூசிப் பார்த்தீங்களா?”

“மூணைப் பூசிட்டேன். ‘தண்ணி மாதிரி இருக்கு’ன்னா. அதெல்லாம் நீர்த்துப்போனது. முதல் வகை அப்படி இல்ல. அசல் புனுகு. செத்த மூக்கையும் எழுப்பிடும்.”

செலின் எழுந்து வந்தார். “கண்ணை மூடிக்கிட்டு கையை நீட்டுங்க” என்றார்.

சபாபதி கண்ணை மூடினார். நான்கு புட்டிகளில் எதுவோ ஒன்றின் மூடி திறந்தது. மணிக்கட்டில் ஒரு சொட்டு விழுந்தது.

“அப்பப்போ என்ன தெரியுதுன்னு சொல்லுங்க. எனக்கு வேலை இருக்கு.”

ஐந்து நிமிடம் கழித்து, “எலுமிச்சை மாதிரி ஒண்ணு. நிக்கல, ஓடிடுச்சு” என்றார் சீடர்.

பத்து நிமிடம் கழித்து, “மல்லிகை.”

பிறகு சந்தனம் என்றார். பிறகு, சந்தனம் மாதிரி என்றார். அரை மணி ஆனபோது கையை மூக்கில் ஒட்டவைத்து இழுத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

“போயிடுச்சு. ஒண்ணுமே இல்ல. நாலாவதுதானே? எனக்கு அப்பவே தெரியும். சாரமில்லாத சரக்கு.”

அப்போது பூக்காரி செங்கேணி தலையில் கூடையோடு உள்ளே வந்தாள். கூடத்துக்கு மல்லிகை கொடுப்பவள். வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

“அய்ய, யார் வூட்டுக் கண்ணாலம்? என் கூடைப் பூவே தோத்துப்போச்சு!” மூக்கைச் சுளித்துக்கொண்டு காற்றைப் பின்தொடர்ந்து வந்தவள் சபாபதியிடம் வந்து நின்றாள். “சாரா! என்னா சார் இது, இந்த வயசுல! வூட்ல அம்மாவுக்குத் தெரியுமா?”

சபாபதி கையை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். செங்கேணி கூடையை இறக்கிவைத்து, சிரித்துக்கொண்டே போனாள்.

செலின் புட்டியை விளக்கருகே தூக்கிக் காட்டினார். அது முதலாவது.

“அதையா!” சபாபதி ஏறக்குறைய அலறினார். “அதுல இருந்ததே நாலஞ்சு சொட்டு!”

“எது போயிடுச்சுன்னு சொன்னீங்க?”

“அது... போகல. என் மூக்குக்குப் பழகிடுச்சு. பூசிக்கிட்டவனுக்கு அரை மணிக்கு மேல தெரியாது. இது எல்லாருக்கும் உள்ளதுதானே.”

“மரகதம் அம்மாவுக்கும்?”

“ஆமா. மூக்கு நல்லா இருந்த காலத்துலயும்.”

“காய்ச்சலுக்கு முந்தி, நாற்பது வருஷம். ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் அவங்களுக்கு அது மணத்திருக்கும்?”

கணக்கு என்றதும் சபாபதிக்குத் தெம்பு வந்தது. “இருபது நிமிஷம்னு வெச்சுப்போம். லீப் வருஷத்தையும் சேர்த்தா...” விரல்கள் மடங்கி நிமிர்ந்தன. “இருநூத்து மூணு நாள். கொஞ்சம் கம்மி.”

“மீதியை யார் முகர்ந்தாங்க?”

தூங்கும் நேரத்தைக் கழிக்க வேண்டும், வெளியூர் போன நாட்களைக் கழிக்க வேண்டும் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். அப்படியே மூடிக்கொண்டார். தெருவில் ஒரு சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போயிற்று.

பிறகு தனக்குத்தானே சொல்வதுபோலப் பேசினார். “எண்பத்தெட்டுல சந்தனத்தைக் குறைச்சது அவளுக்குத் தெரியவே தெரியாது. ‘அதேதாங்க, உங்களுக்குத்தான் சந்தேக புத்தி’ன்னு சண்டை போட்டா. எனக்குத்தான் தெரிஞ்சுது. காதுக்குப் பின்னால, பின்னல் ஆரம்பிக்கிற இடத்துல...”

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது.

செலின் புட்டிகளை ஒவ்வொன்றாகத் துணிப்பையில் வைத்தார். முதலாவதின் மூடியை இன்னொரு முறை இறுக்கினார்.

“இப்போ அவங்க உங்ககிட்ட என்ன கேக்கறாங்க?”

“‘என் மேல நாத்தம் வருதா’ன்னு. ஒரு நாளைக்கு இருபது தடவை.”

“நீங்க?”

“வரலன்னுதான் சொல்றேன். இருபது தடவையும். அவ நம்ப மாட்டேங்கறா.”

“அவங்க எங்க இருப்பாங்க, கேக்கும்போது?”

“பின்கட்டுல.”

“நீங்க?”

“ஹால்ல. பேப்பர் படிச்சுக்கிட்டு.”

செலின் பையை அவர் கையில் கொடுத்தார்.

சபாபதி வாசல் வரை போய்த் திரும்பினார். “மதாம், கடைசியா ஒண்ணு. நாலுல எதைப் பூசட்டும்?”

“எதுவும் பூச வேணாம் சார். இனிமே அவங்க கேட்டா, எழுந்து கிட்ட போய், முகர்ந்து பார்த்துட்டுப் பதில் சொல்லுங்க.”