தலைப்பிள்ளையின் பெயர்

ஹஜாரா பானை மூடியைத் திறந்ததும் ஆவி முகத்தில் அடித்தது. அரிசி நன்றாகக் குழைந்திருந்தது. மரத்துடுப்பை உள்ளே இறக்கி, பானையின் பக்கத்தில் அழுத்தி மசிக்கத் தொடங்கினாள். உருண்டை பிடிக்கிற பதம் வந்தால்தான் அது துவோ. அதுவரை வெறும் கஞ்சிதான்.

முற்றத்தில் அவளுடைய சக்களத்தி அசாபே கைப்பேசியில் கத்திக்கொண்டிருந்தாள்.

“குளிக்கத் தண்ணி கிடையாதா? நல்லதாப் போச்சு. அந்த நாத்தத்துக்குப் பாம்புகூடக் கிட்ட வராது!”

மறுமுனையில் இருந்தவன் ஹஜாராவின் தலைப்பிள்ளை. விடிந்தால் தங்கம் தோண்டப் பாலைவனத்துக்குள் போகிறான். அங்கே சிக்னல் கிடையாது. இனி மழைக்காலம் முடிந்துதான் அவன் குரலைக் கேட்க முடியும். அதுவும் நிச்சயமில்லை.

ஹவுசா இனத்தவர் வீடுகளில் தலைப்பிள்ளையைப் பெற்றவள் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. நாலு பேர் முன்னால் கொஞ்சுவதும் இல்லை. அது அவளுடைய நாணம். ஹஜாரா இன்னும் ஒரு படி மேலே போய், அவனோடு நேருக்கு நேர் பேசுவதையே விட்டிருந்தாள். “அந்தப் பையனைச் சாப்பிடச் சொல்லுங்க” என்று சுவரைப் பார்த்துச் சொல்வாள். அவனும் சுவரிடமே “சரி” என்பான்.

அடுப்பருகே மாலமா ஜுலை கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அந்தத் தெருப் பெண்களுக்கு வேதம் சொல்லிக்கொடுப்பவள். ஹஜாராவுக்கு மகள் வயது. ஆனாலும் பாடம் சொல்கிறவளை ஹஜாரா ஒருநாளும் ஒருமையில் அழைத்ததில்லை.

“மாலமா, ஒண்ணு கேக்கட்டுமா?”

“கேளுங்கம்மா.”

“அவன் பேரை நான் சொன்னா பாவமா?”

“இல்லை.”

“வேதத்துல எங்கேயும் தடை இல்லையா?”

“இல்லை. நாம வச்சுக்கிட்டதுதான்.”

“அப்ப இன்னைக்குச் சொல்லலாம்.”

“தாராளமாச் சொல்லலாம்.”

ஹஜாரா துடுப்பை நிறுத்தினாள். உதடு பிரிந்தது. ஒவ்வொரு தொழுகைக்குப் பின்னும் மனதுக்குள் சொல்லிவந்த பெயர்தான்.

“வரமாட்டேங்குது.”

“வராட்டிப் போகட்டும்.”

“போகட்டுமா? உங்களுக்கென்ன, பிள்ளை பெத்திருந்தாத்தானே...” ஹஜாரா நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

ஜுலை ஒரு காம்பைக் கிள்ளிப் போட்டாள். அடுத்த இலையை எடுத்தாள்.

“அக்கா, சார்ஜ் தீரப்போகுதாம்!” என்றாள் அசாபே. “வந்து ஒரு வார்த்தை பேசேன். அடுப்பு என்ன எந்திரிச்சு ஓடிடுமா?”

“உடம்பைப் பாத்துக்கச் சொல்லு” என்றாள் ஹஜாரா, பானைக்குள் பார்த்தபடி.

“உடம்பைப் பாத்துக்கணுமாம்டா! பானை சொல்லுது!”

மறுமுனையில் அவன் சிரிப்பது இங்கே வரை கேட்டது. ஹஜாரா முக்காட்டு நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

“மாலமா, நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லிக்கொடுங்க. அதையாச்சும் சொல்லி அனுப்புறேன்.”

ஜுலை எழுந்து போய் அசாபேயின் கையிலிருந்து கைப்பேசியை வாங்கி வந்தாள். ஸ்பீக்கரை அழுத்தினாள். கவிழ்த்திருந்த உரலின் மேல், பானைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

ஹஜாரா பதறிப்போனாள். “ஐயோ, நான் என்னத்தச் சொல்ல?” என்று கிசுகிசுத்தாள்.

“கட்டிதட்டுது பாருங்க. கிண்டுங்க.”

ஹஜாரா கிண்டினாள். துடுப்பு பானையில் மோதி மோதி எழுந்தது.

“ஹலோ? யாரு?” என்றது கைப்பேசி.

பிறகு அந்தக் குரல் அடங்கியது. காற்றின் இரைச்சல் மட்டும் கேட்டது. துண்டித்துவிட்டானோ என்று ஹஜாரா குனிந்து பார்த்தாள். திரையில் வெளிச்சம் இருந்தது. மறுபடி கிண்டினாள். சோறு இறுகி இறுகி வந்தது. தோள் கடுத்தது. நிறுத்தவில்லை.

“தண்ணி பத்தல” என்றான் அவன். “துடுப்பு திணறுது.”

ஹஜாரா சுரைக்குடுக்கையிலிருந்து கொஞ்சம் வெந்நீரைப் பானைக்குள் தெளித்தாள்.